நீக்கியவர் பெயர் இருக்கிறது

டோனா ஸ்ட்ரிக்லண்டின் பெயரை நம்மில் பலர் முதன்முதலாகக் கேட்டது 2018 அக்டோபர் 2ஆம் தேதி. இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். மேரி கியூரி (1903), மரியா கோப்பெர்ட் மேயர் (1963) ஆகியோருக்குப் பிறகு அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண். அறிவிப்பு வந்தபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கென்று ஒரு பக்கம் இல்லை. அதே ஆய்வுக்காக அவரோடு பரிசு பெற்ற ழெரார் மூரூவுக்கு 2005 முதலே பக்கம் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் யாரோ எழுதி அனுப்பிய வரைவை, போதிய சான்றுகள் இல்லை என்று சொல்லித் திருப்பியிருந்தார்கள். இந்தச் செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. பெண்களின் சாதனையைக் கலைக்களஞ்சியம் எப்படி அளக்கிறது என்று எல்லாரும் எழுதினார்கள். நானும் வகுப்பில் பேசினேன்.

அந்தப் பேச்சில் அமுங்கிப்போன இன்னொரு தகவல் உண்டு. ஸ்ட்ரிக்லண்டைப் பற்றி அதற்கு முன்பே, 2014இல், ஒரு பக்கம் தொடங்கப்பட்டது. வேறொரு இடத்திலிருந்து எடுத்த பத்தி என்பதால், பதிப்புரிமை மீறல் என்று குறிக்கப்பட்டு நீக்கப்பட்டது. சான்று போதவில்லை என்று சொன்னவர்களோடு வாதாடலாம். பதிப்புரிமை மீறல் என்று சொன்னவர்களோடு வாதாட இடமே இல்லை. ஆகவேதான் அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்று நினைக்கிறேன். எனக்கோ அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் நீக்கப்படும்போது நடப்பதைப் பாருங்கள். பக்கத்தோடு அதன் வரலாறும் மறைகிறது. அதை நிர்வாகிகள் மட்டுமே பார்க்க முடியும். பொதுவில் மிஞ்சுவது நீக்கல் பதிவில் உள்ள ஒற்றை வரி: நாள், நேரம், காரணம், நீக்கிய நிர்வாகியின் பயனர் பெயர். பக்கத்தைத் தொடங்கியவரின் பெயர் அந்த வரியில் வழக்கமாக இருப்பதில்லை. தொடங்கியவர்களுக்கென ஒரு தனிப் பதிவேடு பிறகுதான் வந்தது. நோபல் குழுவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, இந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் யார் என்று நமக்குத் தெரியாது. நீக்கியவர் பெயர் இருக்கிறது.

நீக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. விக்கிப்பீடியா வாசகருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது: இங்குள்ள உரையை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம், எழுதியவர்களைச் சுட்ட வேண்டும், மாற்றியதையும் இதே நிபந்தனையில் பிறருக்குத் தர வேண்டும், அவ்வளவுதான். 2009 வரை குனூ கட்டற்ற ஆவண உரிமம், அதன் பிறகு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று பெயர் மாறினாலும் வாக்குறுதியின் சாரம் அதுவே. தனக்குச் சொந்தமில்லாத பத்தியைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர், பிறர் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துப் பொதுவில் தானம் கொடுப்பதுபோலச் செய்கிறார். தடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் படியெடுத்தல் என்ற ஒரே செயல் அங்கே எல்லா நேரமும் குற்றமாக இருந்ததில்லை. 2001இல் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தை நிரப்புவதற்குத் தொடக்க ஆண்டுகளில் கைகொடுத்தது 1911இன் பிரிட்டானிக்கா, அதன் பதினோராம் பதிப்பு. உரிமைக்காலம் முடிந்து பொதுக்களத்துக்கு வந்துவிட்ட நூல். அதிலிருந்து பத்தி பத்தியாக எடுத்துச் சேர்த்தார்கள். பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியும் அப்படித்தான் பயன்பட்டது. 1885 முதல் 1900 வரை 63 தொகுதிகளாக வந்த அந்த அகராதியின் முதல் பதிப்பாசிரியர் லெஸ்லி ஸ்டீபன். வர்ஜினியா வுல்ஃபின் தந்தை. மகள் பிற்காலத்தில் எதையெல்லாம் கேள்வி கேட்டாரோ அதெல்லாம் அந்த வீட்டு மேசையிலேயே அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது என்று எண்ணிப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும்.

பதினோராம் பதிப்பு வெளிவந்த 1911இல்தான் மேரி கியூரிக்கு இரண்டாவது நோபல் கிடைத்தது. அந்தப் பதிப்பில் அவருக்குத் தனிக் கட்டுரை கிடையாது. கணவர் பியேர் கியூரியின் கட்டுரைக்குள் போகிறபோக்கில் வருகிறார். ஆக, தடையில்லாமல் எடுத்தாளக் கிடைக்கும் உரை, பெண்கள் உள்ளே இல்லாத காலத்தின் உரை. பழையதாக இருப்பதால்தான் அது இலவசம். பழையதாக இருப்பதால்தான் அதில் நாம் இல்லை. அண்மைக் காலத்துப் பெண்ணைப் பற்றி எழுத வருகிறவருக்குக் கிடைப்பதோ அவர் பணிசெய்யும் நிறுவனத்தின் இணையப் பக்கம், ஒரு விழா மலர், ஒரு சிற்றிதழ்க் கட்டுரை. அனைத்தும் உரிமைக்கு உட்பட்டவை. இதில் யாருடைய சதியும் இல்லை. சட்டம் இருவருக்கும் ஒரே சட்டம்தான். ஒருவருக்குத் தாத்தா விட்டுப்போன சொத்து இருக்கிறது, இன்னொருவர் முதல் செங்கல்லிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவே.

பிரிட்டானிக்காவிலிருந்து எடுத்ததைச் சொல்லாமல் விட்டார்களா என்றால், இல்லை. கட்டுரையின் அடியில், இது பொதுக்களத்தில் உள்ள இன்ன நூலின் உரையைக் கொண்டுள்ளது என்று ஒரு வார்ப்புரு நிற்கும். உரிமை காலாவதியான உரைக்குப் பெயர் சுட்டச் சட்டத்தின் கட்டாயம் இல்லை. ஆனாலும் சுட்டாமல் எடுத்தால் அது எழுத்துத் திருட்டு என்பது விக்கிப்பீடியா தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நெறி. நல்ல நெறி. ஆனால் அந்த வார்ப்புருவில் தானாக வந்து விழும் பெயர் யாருடையது? ஹியூ சிஸம், பதிப்பாசிரியர். கட்டுரையை எழுதியவரின் பெயரை யாராவது தேடிக் கையால் சேர்த்தால்தான் உண்டு. அச்சு நூலில் கட்டுரையின் முடிவில் எழுதியவரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். தொகுதியின் முன்பக்கப் பட்டியலைப் புரட்டினால்தான் ஆள் தெரியும். அந்தச் சோம்பலுக்கு நடுவில் விழுந்துபோனவர்களில் பெண்களும் இருக்கிறார்கள்.

ஏ. எம். சி. என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஆக்னஸ் மேரி கிளார்க். 1842இல் அயர்லாந்தின் ஸ்கிபரீனில் பிறந்தவர். வீட்டிலேயே படித்தவர். 19ஆம் நூற்றாண்டு வானியலின் வரலாற்றை 1885இல் பெரிய நூலாக எழுதினார். கலிலியோவைப் பற்றியும் கெப்ளரைப் பற்றியும் பிரிட்டானிக்காவில் எழுதியது இவர்தான். 1903இல் அரச வானியல் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது; முழு உறுப்பினராக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கதவு பெண்களுக்கு 1916 வரை மூடியிருந்தது. 1907இல் இறந்துபோனார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பதிப்பிலும் அவருடைய கட்டுரைகள் தொடர்ந்தன. அந்தப் பதிப்பின் கடைசித் தொகுதியான சொல்லடைவை உருவாக்கிய பிரிவுக்குத் தலைமை தாங்கியதும் ஒரு பெண்தான், ஜேனட் ஹோகர்த். 28 தொகுதிகளில் என்ன எங்கே இருக்கிறது என்று காட்டும் வேலை. எவரும் எடுத்தாளாத வேலை அது; எனவே எந்த வார்ப்புருவிலும் வராது.

இந்த இடத்தில் நம் தரப்பில் ஒரு வசதியான கதையைக் கட்டிவிடக் கூடாது. பெயர் மறைந்த பெண்கள் எல்லாரும் நாம் மாலை போட வேண்டியவர்கள் அல்லர். அதே பதினோராம் பதிப்பில் நைஜீரியாவைப் பற்றி எழுதியவர் ஃப்ளோரா ஷா, அதாவது லேடி லுகார்ட். 'தி டைம்ஸ்' நாளிதழின் குடியேற்றநாட்டுப் பகுதி ஆசிரியராக இருந்தவர்; நைஜீரியா என்ற பெயரே 1897இல் அவர் முன்மொழிந்தது. அவருடைய கணவர் பிரெடரிக் லுகார்ட் வடக்கு நைஜீரியாவை ஆண்டவர். ஆள்பவரின் மனைவி, ஆளப்பட்ட நாட்டைப் பற்றி எழுதிய கட்டுரை அது. பெயரை அறுத்துவிட்டு அந்த உரையை எடுத்து இன்றைய ஒரு பக்கத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? பேரரசின் குரல், யாருடைய குரலும் அல்லாத நடுநிலைக் குரலாக மாறிவிடும். பெயரைச் சுட்டுவது நன்றிக்கடன் மட்டுமே என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். யார் சொன்னது என்று தெரிந்தால்தான் அவரோடு சண்டை போடவும் முடியும்.

இதனால்தான் விக்கிப்பீடியாவின் 'வரலாறு' என்ற சிறிய தத்தலை நான் பெரிதாக மதிக்கிறேன். எந்த அச்சுக் களஞ்சியமும் தராத ஒன்று அது. ஒவ்வொரு காற்புள்ளியையும் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு இட்டார் என்று அங்கே இருக்கிறது. புத்தக முன்னுரைகளில் பெயர் சொல்லாமல் 'கையெழுத்துப் படியைத் தட்டச்சு செய்த என் மனைவிக்கு' நன்றி சொல்லும் ஆண் அறிஞர்களை 2017இல் ட்விட்டரில் ஒரு குறிச்சொல் போட்டுத் திரட்டினார்கள். பக்கம் பக்கமாக வந்து குவிந்தது. அந்த மனைவிமார் செய்தது பல நேரங்களில் தட்டச்சு மட்டுமல்ல. எழுத்துப் பிழை திருத்துவது, தேதி சரிபார்ப்பது, வாக்கியத்தை நேர்செய்வது என்று விக்கிப்பீடியாவில் இன்று தனித்தனியாகப் பெயரோடு பதிவாகும் வேலைகள் அவை.

இந்தப் பதிவு உடைவது எங்கே என்றால், களஞ்சியத்துக்கு உள்ளேயே நடக்கும் படியெடுப்பில். ஒருத்தி பல மாதம் உழைத்து ஒரு கட்டுரையை எழுதுகிறாள். அதிலிருந்து மூன்று பத்தியை இன்னொருவர் எடுத்துப் பெரிய கட்டுரை ஒன்றில் சேர்க்கிறார். உரிமத்தில் இடமுண்டு, தவறில்லை. ஆனால் சேர்க்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில், இன்ன பக்கத்திலிருந்து எடுத்தேன், எழுதியவர்களை அந்தப் பக்கத்தின் வரலாற்றில் காண்க என்று ஒரு வரி எழுதி, அந்தப் பக்கத்துக்கு இணைப்பும் தர வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், புதிய பக்கத்தின் வரலாறு மூன்று பத்திகளையும் எடுத்து வந்தவரின் கணக்கில் எழுதிக்கொள்ளும். இயந்திரத்துக்கு வேறு எதுவும் தெரியாது. இரண்டு பக்கங்களை ஒன்றாக்கிய பின் பழைய பக்கத்தை அழித்துவிடாமல் வழிமாற்றாக விட்டுவைப்பதும் அதற்காகத்தான். அதன் அடியில் எழுதியவர்களின் பெயர்கள் கிடக்கின்றன.

இந்த வரியை எழுதாமல் விடுகிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் விடுவதில்லை. 'எல்லாம் நம்முடையதுதானே' என்கிறார்கள். இந்த வாக்கியத்தை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். கூட்டுக்குடும்பத்துச் சமையலறையில். யார் அரைத்தது, யார் வதக்கியது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. எல்லாம் நம் வீட்டுச் சமையல்தான். ஆனால் பந்தியில் பரிமாறுகிறவருக்குப் பாராட்டு போய்ச் சேர்ந்துவிடும். கூட்டு உழைப்பு என்ற அழகான சொல்லுக்குள் யாருடைய உழைப்பு கரைகிறது என்று கேட்கத் தெரிந்த பெண்ணியம், ஒரு வரித் தொகுப்புச் சுருக்கத்தை அலுவலக நடைமுறை என்று ஒதுக்குவது எனக்கு விளங்கவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2003 முதல் வளர்ந்துவரும் அதில் கணிசமான கட்டுரைகள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. மொழிபெயர்ப்பு என்பது சட்டத்தின் பார்வையில் மூலத்தைச் சார்ந்த படைப்பு. எனவே ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கினால் அந்தப் பக்கத்தைச் சுட்ட வேண்டும். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் அதுவே அந்த வரியைச் சேர்த்துவிடுகிறது. தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தாம் மறக்கிறார்கள். மறந்தால் இரண்டு பேருக்கு நட்டம். ஆங்கிலத்தில் எழுதியவர் பெயர் போகிறது. தமிழாக்கியவள் செய்தது மொழிபெயர்ப்பு என்பதும் தெரியாமல் போகிறது. மொழிபெயர்ப்பை உழைப்பாகவே எண்ணாத நம் ஊரில் இரண்டாவது நட்டமும் சிறியதல்ல.

நானே தவறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மகளிர் தினத்தில், ஒரு கல்லூரியில், தமிழ்ப் பெண் எழுத்தாளர்களுக்கு விக்கிப் பக்கம் தொடங்கும் பயிலரங்கை நடத்தினேன். ஒரே நாள். மாலைக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும். 'முதலில் போடுங்கள், பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்று சொன்னது நான்தான். சாயங்காலமே பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் பதிப்புரிமை மீறல் என்று அறிவிப்பு விழுந்துவிட்டது. ஒரு மாணவி, மூத்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றி இன்னொரு பெண் விமர்சகர் எழுதிய கட்டுரையின் நான்கு பத்திகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அவங்களும் நம்மள மாதிரி பொண்ணுதானே மேம், கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

அந்தப் பதிலில் கபடம் இல்லை. எனக்கு வலித்தது அதனால்தான். சகோதரித்துவம் என்று நாம் மேடையில் பேசியதை அவள் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறாள்: உன்னுடையது என்னுடையது, கேட்க வேண்டியதில்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. ஆண் பேராசிரியர் ஒருவரின் நூலிலிருந்து எடுத்திருந்தால் அடிக்குறிப்பு போட்டிருப்பாள். பயம் இருந்திருக்கும்.

விமர்சகருக்குத் தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அனுமதி தந்தால் பக்கத்தை மீட்கலாம் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, என் பேரு அதுல எங்க வரும்?" வரலாற்றுப் பக்கத்திலும் உரையாடல் பக்கத்திலும் வரும் என்றேன். விக்கிப்பீடியாவில் மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதித் தந்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்ற உரிமத்தில்தான் தர முடியும். வணிகத்துக்குக் கூடாது என்று நிபந்தனை போட முடியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எழுத எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அத யாரோ மாத்தி எழுதி வித்துக்கலாம்னா, வேணாம்மா" என்றார். கட்டற்ற அறிவு பற்றி அவரிடம் ஒரு சொற்பொழிவு நிகழ்த்த எனக்கு வாய் வரவில்லை. எழுத்துக்குக் கூலியே கிடைக்காதவர்களிடம் போய், கூலி வேண்டாம் என்று கையெழுத்திடச் சொல்வது எப்படிப்பட்ட தாராளம்?

மாணவி வேறு வழியில் போனாள். கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு மூடிவைத்தாள். தகவலுக்கு உரிமையாளர் கிடையாது; பிறந்த ஊர், எழுதிய நூல்கள், ஆண்டுகள் யாருக்கும் பொது. சொன்ன விதம்தான் சொன்னவருடையது. தன் வாக்கியத்தில் ஒன்பது வரி எழுதினாள். நான்கு பத்தி ஒன்பது வரியாகச் சுருங்கிவிட்டதே என்று அவளுக்கு வருத்தம். ஒவ்வொரு தகவலுக்கும் அடிக்குறிப்பில் விமர்சகரின் பெயரும் கட்டுரைத் தலைப்பும் நின்றன. பக்கம் தங்கிவிட்டது.

எடுத்தாளும் உரிமை இருக்கும் இடத்திலும் பெயர் முக்கியம் என்பதற்கு நம்மிடையே ஓர் எடுத்துக்காட்டு ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்வை நேரில் கண்டு 'கரிப்பு மணிகள்' எழுதியவர். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு 2009இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, நாட்டுடைமையாக்கியது. இனி யாரும் அச்சிடலாம், விக்கிமூலத்தில் ஏற்றலாம், விக்கிப்பீடியாவில் எடுத்துப் பயன்படுத்தலாம். உரிமைத்தொகை யாருக்கும் தர வேண்டாம். ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையைக் கைமாற்றிய பிறகும் இது நான் எழுதியது என்று சொல்லும் உரிமையை எழுதியவரிடமே விட்டுவைக்கிறது. உப்பளத்துப் பெண்களைப் பற்றிய அவருடைய ஒரு வரியை எடுத்து, அவர் பெயர் இல்லாமல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில் போட்டால், வழக்குப் போட யாரும் வர மாட்டார்கள். அந்தத் தைரியத்தில் செய்வதுதான் கேவலம்.

வெளியே நடப்பது இதைவிடப் பெரிது. விக்கிப்பீடியா உரையை எடுத்துப் பயன்படுத்துகிறவர் அந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு தந்தால் போதும். நூறு பேர் எழுதிய பக்கத்தில் நூறு பெயரையும் அச்சிடச் சொல்ல முடியாது என்பதால் செய்த ஏற்பாடு. நியாயமானதே. ஆனால் தேடுபொறியின் பெட்டியிலும், கேள்விக்குப் பதில் சொல்லும் இயந்திரத்தின் வாயிலும் அந்த உரை வரும்போது பல நேரம் இணைப்பும் இருப்பதில்லை. பெயர் இருக்கும் இடத்துக்குப் போகும் வழி அடைபட்டபின் பெயர் இருந்து என்ன பயன்? பெண்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் 2014இல் ஏறத்தாழ 15 சதவீதமாக இருந்தன. இப்போது 20 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கின்றன. அந்த ஐந்து சதவீதத்தை ஊதியமில்லாமல் எழுதி ஏற்றியவர்களின் வாக்கியங்களை இப்போது இயந்திரங்கள் தம் குரலில் ஒப்பிக்கின்றன.

இன்னொரு சிக்கலையும் மறைக்க வேண்டாம். வரலாற்றுப் பக்கத்தில் இருப்பவை பயனர் பெயர்கள். பெண் என்று தெரிந்தால் வரும் தொல்லைக்கு அஞ்சி, பூவின் பெயரையோ எண்ணையோ வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. பெயர் வேண்டும் என்று கேட்கும் நாமே, பெயர் தெரியாமல் இருக்கும் உரிமையையும் கேட்கிறோம். முரண்தான். ஆனால் புனைபெயரும் பெயர்தான். உரிமத்துக்கு அது போதும். அவள் தேர்ந்துகொண்ட முகமூடியும், பிறர் அவள் பெயரைத் துடைத்தெறிவதும் ஒன்றல்ல.

அந்தப் பயிலரங்குக்குப் பிறகு நான் வேறு கல்லூரிகளுக்கும் போகிறேன். ஆனால் முதல் ஒரு மணி நேரம் யாரையும் எழுத விடுவதில்லை. ஏதாவது ஒரு பெண்ணின் பக்கத்தைத் திறந்து, அதன் வரலாற்றை அடிமுதல் வாசிக்கச் சொல்கிறேன். யார் தொடங்கியது, யார் பெரிதாக எழுதியது, யார் பிழை மட்டும் திருத்தியது, எந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். சென்ற முறை ஒரு மாணவி நாற்பது பயனர் பெயர்களை எழுதிவிட்டு நிமிர்ந்து, "இதுல யாரெல்லாம் பொண்ணுங்க மேம்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நாற்பதையும் மறுபடி ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்தாள்.